ஒட்டகத்தை எங்கே பார்த்தாய்?

கெய்ரோ
21-11-1963

சுப்புவின் அப்பாவுக்கு வாலாம்பாள் நமஸ்காரம் செய்து எழுதுவது.

நான் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். சுப்பு சௌக்கியம். ஆறு மாதத்து வயிறு நன்றாகத் தெரிகிறது, கால் வீக்கம் இல்லை. மாப்பிள்ளை வெங்கடேஸ்வரனும் சௌக்கியம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? ராத்திரி சாப்பாடு என்ன செய்கிறீர்கள்? பக்கத்து வீட்டு மீனாட்சியம்மாள் ரசம் அனுப்புவதாகச் சொன்னாள். அனுப்பினால் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் என்ன எழுதுவதென்று தெரியாமல் வெகுநேரமாகப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. சுப்பு பிறந்தபோது பாலக்காட்டில் மூன்று மாதம் இருந்தேன். அப்போதும் என் அப்பாதான் உங்களுக்கு எழுதினார். தப்பும் தவறும் இருந்தால் சிரிக்காதீர்கள்.

கப்பலில் முதல் இரண்டு நாள் தலை தூக்க முடியவில்லை. மூன்றாம் நாள் எழுந்து, கையோடு கொண்டுவந்த புளிகாய்ச்சலைப் பிசைந்து சாப்பிட்டேன், எல்லாம் சரியாகிவிட்டது. ஒரு குஜராத்தி அம்மாள் துணையிருந்தாள். சூயஸில் மாப்பிள்ளை வந்து அழைத்துக்கொண்டு போனார். வழி நெடுக மணல்தான். இவர்கள் வீடு தொக்கி என்ற பேட்டையில் மூன்றாவது மாடி. அவருடைய தேயிலைக் கம்பெனி கொடுத்தது. மொட்டை மாடியில் நின்றால் மேற்கே தூரத்தில் மூன்று குவியல் தெரிகிறது. "அதான் பிரமிட், அம்மா" என்றார் மாப்பிள்ளை. மாஹிமில் உப்பு கொட்டி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி இருக்கிறது.

இன்னும் கிட்டே போய்ப் பார்க்கவில்லை. வந்தவுடன் ஊர் சுற்ற வேண்டாமென்று இருக்கிறேன்.

முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாலாம்பாள்


மாதுங்கா, பம்பாய்
2-12-1963

சௌபாக்கியவதி வாலாம்பாளுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. இவ்விடம் குறைவில்லை. சுப்புவைப் படி ஏற வேண்டாமென்று சொல்.

குவியலா! இந்த ஒரு வார்த்தையைப் படித்துவிட்டு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. பெரிய பிரமிடில் மட்டும் இருபது லட்சத்துக்கு மேல் கல் இருக்கிறது, அம்மா. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் கத்தி நுழையாது. நாலாயிரத்தைந்நூறு வருஷமாக நிற்கிறது. அதைப் போய் உப்புக் குவியல் என்கிறாய்! நல்லவேளை, கடிதத்தை உரக்கப் படிக்காமல் மனத்துக்குள் படித்தேன். மீனாட்சியம்மாள் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தக் கட்டிடத்தில் என்னைப் பிரமிட் பஞ்சு என்று கூப்பிடுகிறார்கள். நேரில் கூப்பிடுவதில்லை, ஆனாலும் எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக லைப்ரரியில் எடுத்துப் படித்ததையெல்லாம் இவர்களுக்கு நான்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது பெண்டாட்டி அங்கே இருக்கிறாள் என்றால் கேட்காமல் இருப்பார்களா? ஆபீஸ் பியூன் இசக்கிப்பாண்டி தாராவியிலிருந்து வந்து இறங்கியதும் முதல் கேள்வி, "சார்வாள், அம்மா கடுதாசி போட்டாவளா? பிரமிடு எப்பிடி இருக்காம்?" என்பதுதான்.

எனக்கு லீவு கிடைக்கவில்லை. அது என் தலையெழுத்து. நீயாவது ஒழுங்காகப் பார்த்துவா. காலை வெயிலில் போ. முதலில் அடியில் நின்று அண்ணாந்து பார். பிறகு சிங்க உடம்பும் மனுஷத் தலையுமாக இருக்கும் சிலை. மியூசியத்துக்கு ஒரு நாள் தனியாக வேண்டும். பார்த்ததை விவரமாக எழுது. 'புளிக்காய்ச்சல்' என்பதில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது.

மாப்பிள்ளைக்கு என் ஆசி.

பஞ்சாபகேசன்


கெய்ரோ
14-12-1963

சுப்புவின் அப்பாவுக்கு அநேக நமஸ்காரம். உங்கள் கடிதம் வந்தது. எல்லோரும் சுகம். குளிர்தான் தாங்கவில்லை. உங்கள் பழைய ஸ்வெட்டரைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு சமைக்கிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை. முதல் நாள் காய்கறிக் கடையில் ஊமை மாதிரி கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். உருளைக்கிழங்கைப் பார்த்ததும் வாய் தவறி, நம் தாதர் மார்க்கெட் ஞாபகத்தில், "பட்டாட்டா" என்றேன். கடைக்காரன், "ஆ! பட்டாட்டிஸ்!" என்று கூடையில் அள்ளிப் போட்டான். வீட்டுக்கு வந்து, கீழ்வீட்டு உம் ஸமீரிடம் சோதித்துப் பார்த்தேன். உம் ஸமீர் என்றால் ஸமீரின் அம்மா என்று அர்த்தம், என் வயதுதான். ஸாபூன் என்றேன், சோப்பை எடுத்துக் காட்டினாள். குர்ஸி என்றேன், நாற்காலியை இழுத்துப் போட்டாள். உலகத்துக்குத் துனியா, புஸ்தகத்துக்குக் கிதாப், கடைக்குத் துக்கான், எல்லாம் அப்படியே. பம்பாயில் பால்காரனோடு சண்டை போட்டுக் கற்ற ஹிந்திக்கு இந்த ஊரில் இவ்வளவு மரியாதை இருக்குமென்று நான் நினைக்கவேயில்லை.

புளிக்கு இங்கே பேர் 'தமர் ஹிந்தி'. இந்தியாப் பேரீச்சம்பழமாம்! அதைக் கரைத்துச் சர்க்கரை போட்டு, பெரிய கண்ணாடிக் கூஜாவை முதுகில் கட்டிக்கொண்டு தெருவில் விற்கிறான். நான் வாங்கிவந்து மிளகு சீரகம் தட்டிப் போட்டு ரசம் வைத்தேன். அதில் சர்க்கரை இருந்ததை மறந்துவிட்டேன். மாப்பிள்ளை, "இது புது மாதிரியா இருக்கு, அம்மா" என்று முகம் சுளிக்காமல் குடித்தார். நல்ல பிள்ளை.

பிரமிடுக்கு இன்னும் போக முடியவில்லை. மாப்பிள்ளைக்கு வேலை அதிகம். சுப்புவைத் தனியாக விட முடியாது. அடுத்த வாரம் பார்க்கலாம். ஊர் நல்ல ஊர், ஜனங்கள் சிரித்த முகம். ஒட்டகத்துக்குத்தான் வாய் ரொம்ப நாறுகிறது.

மீனாட்சியம்மாளை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

வாலாம்பாள்


மாதுங்கா
24-12-1963

வாலாம்பாளுக்கு ஆசி. உடம்பு பரவாயில்லை. உன் ரசக் கதையை நேற்று செம்பூரிலிருந்து வந்திருந்த என் தம்பி நாணுவுக்குப் படித்துக் காட்டினேன். "மன்னி ராஜ்யத்தையே பிடிச்சுடுவா போலிருக்கே, அண்ணா!" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

சிரித்து முடித்த பிறகு ஒன்று தோன்றியது. ஒட்டகத்தின் வாய் நாறுகிறது என்று எழுதியிருக்கிறாய். தெருவில் தூரத்தில் போகிற ஒட்டகத்தின் வாய் எப்படி நாறும்? நான் படித்த வரையில், கெய்ரோவில் ஒட்டகம் பிரமிடுக்கு அடியில், வருகிறவர்களை ஏற்றிக் கூலி வாங்குவதற்காகத்தான் நிற்கும். நீ ஒட்டகத்தை எங்கே பார்த்தாய்?

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிடத்து ஜனம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. உன் கடிதத்தில் உருளைக்கிழங்கு இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, சோப்பு இருக்கிறது. பிரமிட் மட்டும் இல்லை. போன வாரம் நானாகவே நாலு வரி சேர்த்துப் படித்தேன். "அவ அப்படியா எழுதியிருக்கா? இது நீங்க பேசற மாதிரின்னா இருக்கு!" என்று மீனாட்சியம்மாள் பிடித்துவிட்டாள்.

சுப்புவுக்குக் குங்குமப்பூ அனுப்பியிருக்கிறேன்.

பஞ்சாபகேசன்


கெய்ரோ
3-1-1964

நமஸ்காரம். இங்கு எல்லோரும் சௌக்கியம். குங்குமப்பூ வந்தது. சுப்புவுக்கு எட்டாவது மாதம் ஆகப்போகிறது. வாய்க்குப் பிடித்ததெல்லாம் சாப்பிடுகிறாள்.

ஒட்டகத்தைச் சந்தையில் பார்த்தேன். நம்மூர் மாடு மாதிரி இங்கே அது எங்கும் வரும்.

உம் ஸமீர் எனக்கு ரொட்டி சுடக் கற்றுக்கொடுக்கிறாள். என் வைரத்தோட்டை அசைத்துப் பார்த்துச் சிரிக்கிறாள். ஒன்பது கஜப் புடவையை நான் கட்டுவதைப் பார்க்க அவள் நாத்தனார் ஷுப்ராவிலிருந்து வந்துவிட்டுப் போனாள்.

பொங்கலுக்கு நாணு வீட்டுக்குப் போங்கள். தனியாக இருக்க வேண்டாம். வேறு விசேஷமில்லை.

வாலாம்பாள்


கெய்ரோ
9-1-1964

அன்புள்ள அப்பாவுக்குச் சுப்புலக்ஷ்மியின் நமஸ்காரங்கள். நானும் அவரும் நலம். அம்மாவும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

அம்மாவுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். சந்தையில் ஒட்டகம் வருவதில்லை, அப்பா.

அம்மா வந்த பத்தாம் நாளே பிரமிடுக்குப் போய்விட்டாள். நாங்கள் அழைத்துக்கொண்டு போகவில்லை, உம் ஸமீரோடு பஸ்ஸில் போனாள். அந்த அம்மாளின் தம்பி அங்கே காவல் வேலை பார்க்கிறார். அன்றிலிருந்து இதுவரை நாலு தடவை போய்வந்தாயிற்று. மியூசியத்துக்கு இரண்டு தடவை. போய்விட்டு வந்தால் முகமெல்லாம் சிவந்து, புடவைக் கொசுவத்திலிருந்து மணல் கொட்டும். அன்றைக்குச் சமையல் பிரமாதமாக இருக்கும்.

"அப்பாவுக்கு எழுதும்மா, எவ்வளவு சந்தோஷப்படுவார்!" என்றேன். "அவர் ஆயுசு முழுக்க ஆசைப்பட்டது. நான் போய்ப் பாத்துட்டு நிக்கறேன். எந்த வாயால அவர்கிட்ட சொல்றது? நீங்க ரெண்டு பேரும் மூச்சு விடப்படாது" என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

சத்தியத்தை மீறிவிட்டேன். நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பதும், அவள் ஒவ்வொரு கடிதத்திலும் உருளைக்கிழங்கு எழுதுவதும் எனக்குத் தாங்கவில்லை. அவளைக் கோபிக்காதீர்கள்.

உங்கள்
சுப்பு


கெய்ரோ
1-2-1964

சுப்புவின் அப்பாவுக்கு நமஸ்காரம்.

உங்களிடமிருந்து கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பொங்கலுக்கு எழுதவில்லை. நாணுவுக்கு எழுதிக் கேட்டேன். "அண்ணா நன்னாத்தான் இருக்கார், ஆபீஸ் போறார், பேச்சுதான் குறைச்சல்" என்று பதில் வந்தது. உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதீர்கள்.

இங்கே ரமலான் மாதம். சாயங்காலம் நோன்பு திறக்கப் பீரங்கி வெடித்ததும் தெருவே சாப்பிட உட்காருகிறது. குழந்தைகள் கலர்க் கண்ணாடி விளக்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்து பாடுகிறார்கள். உம் ஸமீர் தினமும் ஏதாவது தித்திப்பு அனுப்புகிறாள். நான் பதிலுக்கு அவளுக்கு உப்புமா அனுப்புகிறேன்.

இதையெல்லாம் யாருக்கு எழுதுவது? நீங்கள் ஒற்றுப் பிழையாவது எழுதிப் போடுங்கள்.

வாலாம்பாள்


மாதுங்கா
9-2-1964

வாலாம்பாளுக்கு ஆசீர்வாதம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கவலைப்படாதே.

சுப்பு எழுதிவிட்டாள். அவளைத் திட்டாதே, இது அவளுக்குப் பேறுகாலம்.

அவள் கடிதம் வந்த அன்று ஆபீசிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. ஃபைவ் கார்டன்ஸ் பார்க்கில் போய் உட்கார்ந்துவிட்டேன். நீ போய்ப் பார்த்ததில் எனக்கு ஒரு துளி வருத்தமில்லை. இதை நீ நம்ப வேண்டும். என்னிடம் சொன்னால் நான் வெந்துபோவேன் என்று நினைத்தாயே, அதுதான் குத்தியது. அப்படிப்பட்ட மனுஷனாகவா இத்தனை வருஷம் உன்னோடு இருந்திருக்கிறேன் என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க, அப்படித்தான் இருந்திருக்கிறேனோ என்றும் தோன்றியது. இந்த வீட்டில் பேசியதெல்லாம் நான்தான். நீ காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்று கேட்பாய். உனக்கு என்ன தோன்றுகிறதென்று நான் கேட்டதில்லை. அதனால்தான் எழுதக் கை வரவில்லை.

இப்போது கேட்கிறேன். நீ பார்த்ததை எனக்கு எழுது. நீளம் அகலம் வேண்டாம், அதெல்லாம் என்னிடம் இருக்கிறது. உன் கண்ணுக்கு என்ன தெரிந்தது, அதை எழுது. பிழை திருத்த மாட்டேன்.

பஞ்சாபகேசன்


கெய்ரோ
20-2-1964

என் நமஸ்காரம். தந்தி கிடைத்திருக்கும். பெண் குழந்தை, பிப்ரவரி பதினாலாம் தேதி சாயங்காலம். சரியாகப் பீரங்கி வெடித்தது, ஆஸ்பத்திரி ஜன்னல் அதிர்ந்தது, இவள் உள்ளே வீலென்று அலறினாள். நர்ஸ் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டே ஓடிவந்து சொன்னாள். தாயும் குழந்தையும் சுகம். மூக்கு உங்கள் மூக்கு, பாவம்.

இப்போது குழந்தை தூங்குகிறது. சுப்புவும் தூங்குகிறாள். நீங்கள் கேட்டதை எழுதுகிறேன்.

முதல் தடவை கிட்டே போனபோது எனக்குப் பயமாக இருந்தது. தூரத்தில் குவியல் என்று எழுதினேனே, பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரில் வானமே இல்லை, கல்தான் இருக்கிறது. ஒவ்வொரு கல்லும் என் கழுத்து உயரம். அதன் நிழலில் நின்றால் வெயில் நேரத்திலும் குளிர்கிறது. நான் மேலே பார்க்கவில்லை. கீழ்க் கல்லில் உளி பட்ட தழும்பைப் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மாதிரித் தழும்பு. இடப்பக்கம் ஒருத்தன், வலப்பக்கம் ஒருத்தன் நின்று கொத்தியிருக்கிறான். மத்தியானம் யார் வீட்டிலிருந்து சோறு வந்ததோ என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் தடவை உள்ளே போனேன். உம் ஸமீர், "உள்ளே ஜின் பூதம் இருக்கும், நான் வரமாட்டேன்" என்று வெளியே உட்கார்ந்துகொண்டாள். அவள் தம்பி விளக்கை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். பாதி வழி குனிந்துகொண்டேதான் ஏற வேண்டும். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். பின்னால் ஒரு வெள்ளைக்காரி மூச்சு வாங்கித் திரும்பிவிட்டாள். தண்ணீர் டாங்கிலிருந்து மூன்று மாடி குடம் சுமந்தவளுக்கு இதென்ன பிரமாதம்?

மேலே ராஜாவின் அறை. நீங்கள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறீர்கள். தங்கமும் சித்திரமுமாக இருக்குமென்று நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு எழுத்துகூட இல்லை. மூடி இல்லாத ஒரு கல் தொட்டி, ஒரு மூலை உடைந்து கிடக்கிறது. அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். அந்தச் சிரிப்பு நாலு சுவரிலும் பட்டுப் பெரிய மணி மாதிரித் திரும்பி வந்தது. காவல்காரர் சிரித்துக்கொண்டே, இன்னும் பேசு, பேசு என்று ஜாடை காட்டினார்.

அப்போது ஒரு காரியம் செய்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. உங்கள் பேரைச் சொன்னேன். நான் ஒரு நாளும் சொன்னதில்லை. இந்தக் கடிதத்தின் மேலே விலாசம்கூடச் சுப்புதான் எழுதுகிறாள். அந்த அறையில் நின்றுகொண்டு, பஞ்சாபகேசன் என்று வாய் விட்டுச் சொன்னேன். அது சுற்றிச் சுற்றி வந்தது. இவ்வளவு பெரிய பேரா என்றிருந்தது. அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. நீங்கள் அல்லவா அங்கே நின்றிருக்க வேண்டும்?

மியூசியத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மூவாயிரம் வருஷத்து ரொட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் கருகியிருக்கிறது. நான் போன வாரம் சுட்டது மாதிரியே. அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

இன்னும் ஒன்று. உங்களுக்கு லீவு கிடைக்காமல் இல்லை, நீங்கள் கேட்கவே இல்லை. எனக்கு அப்போதே தெரியும். கேட்டு இல்லை என்றிருந்தால் ஒரு வாரமாவது மானேஜரைத் திட்டியிருப்பீர்கள். நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்கமாட்டேன். போய் நின்று, ஒன்றும் தோன்றாமல் போய்விடுமோ என்ற பயம் யாருக்கும் வரும். பாஸ்போர்ட் அலமாரியில்தான் இருக்கிறது. உங்கள் மூக்கோடு ஒருத்தி இங்கே பிறந்திருக்கிறாள். புறப்பட்டு வாருங்கள்.

வாலாம்பாள்


மாதுங்கா
3-3-1964

வாலாம்பாளுக்கும் சுப்புவுக்கும் பேத்திக்கும் ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கு என் அன்பு.

லீவு கேட்டுவிட்டேன். மானேஜர் காகிதத்தை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, எத்தனை வருஷத்து லீவு சேர்ந்திருக்கிறது தெரியுமா என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார். முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்தால் இசக்கிப்பாண்டி கையைப் பிடித்துக்கொண்டான். "இப்பமாவது மனசு வந்துச்சே, சார்வாள்! பத்திரமா போய்ட்டு வாங்க. வரும்போது ஒரு சின்னக் கல்லு... வேண்டாம், வேண்டாம், போலீசு புடிச்சிருவான்" என்றான்.

இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி கப்பல். கட்டிடம் அமளிப்படுகிறது. மீனாட்சியம்மாள் அப்பளம் இடுகிறாள். நாணு காப்பிப்பொடி வாங்கப் போயிருக்கிறான். கறிவேப்பிலையைக் காயவைத்துக் கொண்டுவரலாமா, வாசனை போய்விடுமா? உடனே எழுது.

உன் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. நானே படித்தேன். பல தடவை. கல்லில் உளித் தழும்பு எந்தப் புஸ்தகத்திலும் இல்லை. நீ சொன்ன பயம் உண்மைதான். அது இப்போதும் இருக்கிறது. இருந்தாலும் வருகிறேன்.

பஞ்சாபகேசன்


கெய்ரோ, வாசல் அறை
19-4-1964

சமையலறையில் இருக்கும் வாலாம்பாளுக்கு, வாசல் அறையிலிருந்து பஞ்சாபகேசன் எழுதுவது. நான் சௌக்கியம். உன் சௌக்கியம், பாத்திரச் சத்தத்திலிருந்து தெரிகிறது.

நேற்று பிரமிடிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில், "எப்படி இருந்தது? ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறேளே!" என்று கேட்டாய். எனக்கு வாய் வரவில்லை. ராத்திரியும் கேட்டாய். அப்போதும் வரவில்லை. எழுதினால் வருகிறது. இது உன்னிடம் பிடித்துக்கொண்ட பழக்கம்.

வந்த முதல் வாரம் புழுதிக் காற்றில் மொட்டை மாடியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது. நேற்று காற்று நின்றது. இனிச் சாக்கு இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கினேன். அண்ணாந்து பார்த்தேன். நான் பயந்தது அப்படியே நடந்தது, வாலாம்பாள். ஒன்றுமே தோன்றவில்லை. படத்தில் பார்த்தது எதிரில் நின்றது, அவ்வளவுதான். முப்பது வருஷம் படித்ததில் ஒரு வரி நினைவுக்கு வரவில்லை. மாப்பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிரசங்கம் செய்வேன் என்று காத்திருந்தார், பாவம்.

அப்போது நீ வந்து, "இங்க வெயில் சுடும். வாங்கோ, பின்பக்கம் நிழலா இருக்கும்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். ஜனங்களுக்கு நடுவில் என் கையைப் பிடித்தது உனக்கு நினைவிருக்கிறதா? வழியில் ஒட்டகக்காரன் உன்னைப் பார்த்து சலாம் போட்டான். "அதை முதல்ல பல் தேய்க்கச் சொல்லு" என்று நீ அரபியும் ஹிந்தியும் கலந்து சொன்னாய், அவன் விழுந்து விழுந்து சிரித்தான். உம் ஸமீரின் தம்பி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். தண்ணீர் விற்கிற பெண் உன்னிடம் தன் மருமகளைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டாள். ஐந்து மாதத்துக்கு முன்னால் தாதர் ஸ்டேஷனில் என் பின்னால் நடந்து வந்தவள், பாரோவின் வாசலில் எல்லோரையும் தெரிந்தவளாக நிற்கிறாள். நான் பிரமிடைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ அந்தத் தழும்புக் கல்லுக்கு முன்னால் என்னை நிறுத்தினாய். "இது இடப்பக்கம் நின்னவன், இது வலப்பக்கம் நின்னவன்" என்று விரலை வைத்துக் காட்டினாய். நானும் விரலை வைத்தேன். வெயில் அப்போதுதான் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது, கல் வெதுவெதுப்பாக இருந்தது. ஏதோ ஒருத்தன் இப்போதுதான் உளியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறான் போலிருந்தது. அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது. கண்ணில் மணல் என்று சொன்னேன் அல்லவா? மணல் இல்லை.

உள்ளேயும் போனோம். குனிந்து ஏற என் முழங்கால் இடம் கொடுக்கவில்லை, நீ பின்னாலிருந்து தள்ளினாய். மேலே வந்து நின்றதும் எனக்கு மூச்சு வாங்கியது. "பேசுங்கோ, பேசினா கேக்கும்" என்றாய். நான் ஒன்றும் பேசவில்லை. உனக்கு ஏமாற்றம். எனக்குப் பேசத் தோன்றவில்லை என்பதல்ல. என் வாழ்நாளில் முதல் தடவையாக, பேசாமல் உன் பக்கத்தில் நிற்கலாம் என்று தோன்றியது.

அடுத்த மாதம் லக்ஸர் போகலாம் என்கிறார் மாப்பிள்ளை. அங்கே கோயில்கள், ராஜாக்களின் சமாதிகள் எல்லாம் இருக்கின்றன. அதைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். உன்னிடம் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நீ முன்னால் நட.

பதில் போடவும்.

பஞ்சாபகேசன்


கெய்ரோ, சமையலறை
அன்றைக்கே

நமஸ்காரம். கடிதம் கிடைத்தது. அதைச் சுப்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். இரண்டு தடவை படித்தேன். அதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது, அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

லக்ஸருக்கு நான் முன்னால் நடக்கமாட்டேன். பக்கத்தில் நடக்கிறேன். படித்ததையும் சொல்லுங்கள், எனக்குக் கேட்கப் பிடிக்கும். முன்பும் பிடித்துத்தான் நின்றேன்.

குழந்தை எழுந்துவிட்டாள், தூக்குவதற்கு எனக்குக் கை ஒழியவில்லை. பேனாவை மூடிவிட்டு வாருங்கள். மீதியை வாயாலேயே சொல்லுங்கள்.

வாலாம்பாள்